இடறிய இடம் ஒன்று, விழுந்த இடம் வேறொன்று

போன மாதம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நுண்கணிதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "மிஸ், பத்தாவது வரைக்கும் கணக்குல நல்ல மார்க்தான். இந்த டெரிவேட்டிவ் மட்டும் சுத்தமா வரல. முதல்லேருந்து சொல்லிக் குடுங்க."

நான் பாடத்தைத் தொடங்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, 1/எக்ஸ் என்ற சார்பின் வகைக்கெழுவை, அதாவது அந்த டெரிவேட்டிவை, சூத்திரம் எதுவும் இல்லாமல், வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடி என்றேன். அவள் ஒரு வளைகோடு போட்டாள், அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள், "இந்த ரெண்டையும் சேர்க்கிற கோட்டோட சாய்வு வேணும், அப்புறம் நடுவில இருக்கிற ஹெச்சைச் சுருக்கிக்கிட்டே போகணும்" என்றாள். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள்! நுண்கணிதத்தின் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அடுத்த வரியில் 1/(எக்ஸ்+ஹெச்) − 1/எக்ஸ் என்று சரியாகவே எழுதினாள். அதற்கடுத்த வரியில் அது 1/ஹெச் ஆகிவிட்டது. மேலே ஒன்றும் ஒன்றும் இருக்கிறது, கீழே எக்ஸைக் கழித்தால் ஹெச் மிஞ்சுகிறது, அவ்வளவுதான் அவள் கணக்கு. அதை மறுபடி ஹெச்சால் வகுத்து, 1/ஹெச்² என்று வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஹெச் சுருங்கச் சுருங்க இது பெருசாயிட்டே போகுதே மிஸ், அப்ப விடையே கிடையாதா?"

அந்தக் கேள்வி சரியான கேள்வி. எல்லை (லிமிட்), அதாவது ஹெச் சுருங்கச் சுருங்க விடை எதை நெருங்குகிறது என்பது, தெரிந்தவள்தான் அதைக் கேட்க முடியும். அவளுக்கு வராமல் போனது வகைக்கெழு இல்லை, பின்னக் கழித்தல். ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ முடித்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த பாடம்.

"மூன்றில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றைக் கழி" என்றேன். யோசிக்காமல் மைனஸ் ஆறில் ஒன்று என்றாள். சரியான விடை. "இப்போ உன் வரியில் எக்ஸுக்கு 2, ஹெச்சுக்கு 1 போட்டுப் பார்." போட்டாள். இடப்பக்கம் அதே மூன்றில் ஒன்று, அதே இரண்டில் ஒன்று. வலப்பக்கம் அவள் எழுதிய 1/ஹெச், அதாவது 1. மைனஸ் ஆறில் ஒன்று எங்கே, ஒன்று எங்கே! பென்சிலை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

இதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கணக்கில் பிள்ளை விழுகிற இடம் ஒன்றாகவும், இடறிய இடம் இரண்டு மூன்று வருடம் பின்னாலும் இருக்கிறது. நாமோ விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டு, அதே பாடத்தை மூன்றாம் தடவை, நான்காம் தடவை நடத்துகிறோம். எண்ணாக இருந்தவரை இந்தப் பெண்ணுக்குப் பின்னம் வந்தது, ஏனென்றால் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு, பெருக்கு, கழி என்ற வரிசை கைப்பழக்கமாக இருந்தது. எதற்காக இரண்டு பின்னங்களுக்கும் பகுதியை, அதாவது கீழே இருக்கும் எண்ணை, ஒன்றாக்குகிறோம் என்று யாரும் கேட்கவும் இல்லை, அவளாக யோசிக்க நேரமும் இல்லை. எண்கள் போய் எழுத்துகள் வந்ததும் கைப்பழக்கம் கைவிட்டுவிட்டது. மார்க் எல்லாம் நன்றாக இருந்ததால் நடுவில் ஐந்து வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை.

எண்ணிலிருந்து எழுத்துக்குத் தாவுகிற இடம்தான் இந்த முழுப் பயணத்திலும் பெரிய பள்ளம் என்று நினைக்கிறேன். நுண்கணிதம்கூட அவ்வளவு பெரிய தாவல் இல்லை. இந்தப் பள்ளத்தில் முதலில் கால் மாட்டுவது சமக்குறியில். சின்ன வகுப்புகளில் பிள்ளைக்கு '=' என்றால் "இதோ விடை" என்று அர்த்தம். 8 + 4 = ? + 5 என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள், கேள்விக்குறி இருக்கும் இடத்தில் 12 போடுகிற பிள்ளைகள் நிறைய. அதே பிள்ளை பின்னால் 3 × 4 = 12 + 5 = 17 என்று ஒரே ஓட்டமாக எழுதும். விடை சரி, எழுதியது பொய், ஏனென்றால் 3 × 4 ஒருநாளும் 17 ஆகாது. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். குறி தராசு மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எடை. இது மனதில் உட்காராத பிள்ளைக்குச் சமன்பாடு என்ற சொல்லே வெறும் ஓசைதான்.

அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? "அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிடும்." ஏன் ஆகிறது என்று கேட்டால், போனால் ஆகும், அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு தட்டிலும் ஒரே அளவைக் கூட்டுகிறோம் அல்லது எடுக்கிறோம், தராசு சாயாமல் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி இந்தச் செயலுக்குத்தான் அல்-ஜபர் என்று பெயர் வைத்தார், குறைந்துபோனதை இருபக்கமும் கூட்டிச் சரிசெய்வது என்று பொருள். அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பாடத்தின் பெயரிலேயே காரணம் இருக்க, நாம் காரணத்தை விட்டுவிட்டு மந்திரத்தை மட்டும் கொடுக்கிறோம். மந்திரம் ஒன்பதாம் வகுப்பு வரை வேலை செய்யும். அப்புறம் சமனிலி (பெரியது, சிறியது என்ற குறி போட்ட கணக்கு) வரும், மைனஸ் எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும், அங்கே குட்டிக்கரணம்.

அல்-குவாரிஸ்மியைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய ஒரு கணக்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எக்ஸ்² + 10எக்ஸ் = 39. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து, சூத்திரம் வேண்டாம், படம் போடு என்பேன். ஒரு சதுரம், பக்கம் எக்ஸ். அந்த 10எக்ஸை இரண்டாக வெட்டி, 5 அகலத்தில் ஒரு பட்டையை வலப்பக்கமும் இன்னொரு பட்டையைக் கீழேயும் ஒட்டு. சதுரமும் இரண்டு பட்டையும் சேர்ந்து 39. இப்போது மொத்தத்தையும் பார்த்தால் கிட்டத்தட்டப் பெரிய சதுரம், ஒரு மூலை மட்டும் காலி. அந்த மூலை ஐந்துக்கு ஐந்து, 25. அதையும் வைத்து நிரப்பினால் 39 + 25 = 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 ஒட்டியது, மீதி 3. எக்ஸ் = 3. (மைனஸ் 13உம் விடைதான், ஆனால் நீளம் மைனஸில் இருக்காது என்பதால் படத்தில் அது தெரியாது. இதை ஒரு பையன் தானாகவே கவனித்துச் சொன்ன நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

இந்தப் படத்தைப் போட்ட பிள்ளை (அ+ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதாது, ஏனென்றால் அந்த இரண்டு பட்டைகளையும் தன் கையால் ஒட்டியிருக்கிறது, அவற்றை மறக்க முடியாது. படம் போடாத பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பிலும் எழுதும். 3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49, தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25, போட்டுப் பார்க்கக் கால் நிமிடம் ஆகாது. ஆனால் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை எந்தப் பாடத்திட்டமும் ஒரு பாடமாக வைப்பதில்லை.

வடிவியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம். யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தொகுத்து வைத்த வரிசை, இதிலிருந்து இது, அதிலிருந்து அது என்று காரணம் சொல்லிச் சொல்லிப் போகிற முறை, பள்ளிக் கணக்கில் பிள்ளை முதன்முதலாக "ஏன்" என்று முழுதாகக் கேட்கக் கிடைக்கும் இடம் அதுதான். அதைத் தேற்றம் இத்தனை, நிறுவல் இத்தனை, ஐந்து மார்க் நிச்சயம் என்று மனப்பாடப் பகுதியாக்கிவிட்டோம். அமெரிக்காவில் பல பள்ளிகளில் ஒரு வருடம் இயற்கணிதம், அடுத்த வருடம் முழுக்க வடிவியல், அப்புறம் மறுபடி இயற்கணிதத்தின் இரண்டாம் பகுதி, அதற்கப்புறம் நுண்கணிதத்துக்கு முன்தயாரிப்பு என்று தனித்தனிப் பாடமாக நகர்த்துகிறார்கள். இந்தியா உட்பட வேறு பல நாடுகளில் எல்லாம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வரும். முதல் முறையில் வடிவியல் வருடத்தில் சமன்பாடு துருப்பிடிக்கும். இரண்டாம் முறையில் எதுவும் ஊறுவதற்குள் அடுத்த அத்தியாயம் வந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வடிவியலும் இயற்கணிதமும் ஒன்றுக்கொன்று உதவுவதை அந்த முறையிலாவது காட்ட வாய்ப்பு இருக்கிறது. மேலே போட்ட சதுரம் அதற்குச் சாட்சி.

அடுத்த பெரிய மேடு சார்பு. ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த எஃப்(எக்ஸ்) என்ற எழுத்துமுறை நமக்குப் பழகிவிட்டது. பிள்ளை அதை முதல்முறை பார்க்கும்போது எஃப் பெருக்கல் எக்ஸ் என்றுதான் படிக்கும், அதுவரை அடைப்புக்குறிக்கு அருகில் ஓர் எழுத்து நின்றால் பெருக்கல் என்று நாம்தானே சொல்லிவைத்தோம். எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1 என்று கொடுத்து எஃப்(எக்ஸ்+2) என்ன என்று கேளுங்கள். எக்ஸ்² + 3 என்று வரும் விடையைப் பார்த்து கவனக்குறைவு என்று சிவப்பு மையில் எழுதாதீர்கள். சார்பு ஓர் இயந்திரம், உள்ளே எது போனாலும் அதை வர்க்கப்படுத்தி ஒன்று கூட்டும், உள்ளே போவது எக்ஸா, எக்ஸ்+2ஆ, ஐந்தா என்று பார்க்காது என்கிற எண்ணமே அந்தப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. நான் எக்ஸை அழித்துவிட்டு வெறும் பெட்டி போடுவேன். எஃப்(□) = □² + 1. பெட்டிக்குள் என்ன எழுதினாலும் இரண்டு பெட்டியிலும் அதையே எழுது. அப்புறம் (எக்ஸ்+2)² + 1 தானாக வரும். இந்தப் பெட்டி புரிந்தால் மடக்கையும் (லாகரிதம்) பின்னால் புரியும், அதுவும் ஓர் இயந்திரத்தைத் தலைகீழாக ஓட்டுவதுதான். 1614இல் நேப்பியர் பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்ற மடக்கையைக் கொண்டுவந்தார். கால்குலேட்டர் வந்து அந்தத் தேவை போயிற்று. அப்புறம் இதை எதற்குப் படிக்கிறோம் என்று பிள்ளை கேட்டால், இரண்டை எத்தனை தடவை பெருக்கினால் ஆயிரத்தைத் தாண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். விரல் விட்டு எண்ணிப் பத்து என்று சொல்லும். அப்போதே மடக்கை போட்டாயிற்று.

முக்கோணவியலில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சைன் என்றால் எதிர்ப்பக்கம் கீழ் கர்ணம். பதினொன்றில் திடீரென்று சைன் 120 பாகை கேட்கிறோம். செங்கோண முக்கோணத்தில் 120 பாகைக்கு இடமே இல்லையே! பழைய வீட்டைக் காலி செய்து வட்டத்துக்குள் குடிவந்துவிட்டோம் என்று யாரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. உண்மையில் சைன் பிறந்ததே வட்டத்தில்தான். 499இல் ஆரியபட்டர் கொடுத்த பட்டியல் வட்டத்தின் நாணில் பாதியைப் பற்றியது, அதன் பெயர் ஜ்யா, வில்லின் நாண். ஜ்யா அரபிக்குப் போய் ஜிபா ஆயிற்று, உயிரெழுத்தை எழுதாத அந்த எழுத்துமுறையில் அதை ஜைப் என்று படித்தார்கள், மடிப்பு, வளைவு என்று பொருள், அதை லத்தீனில் சைனஸ் என்று மொழிபெயர்த்தார்கள். இந்தக் கதையைச் சொல்லி ஆரம் 1 உள்ள ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளியை நகர்த்தி, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் சைன் என்று காட்டினால் 120உம் சரி, 300உம் சரி, கூடவே மைனஸ் குறி எங்கே வரும் என்று மனப்பாடம் செய்ய வைக்கும் அந்த நான்கு கால்பகுதிச் சூத்திரமும் தேவைப்படாது.

நிகழ்தகவும் புள்ளியியலும் புத்தகத்தின் கடைசியில் மாட்டிக்கொண்டு, நேரமில்லை என்று வேகமாக முடிக்கப்படுகின்றன. அது தனியாக எழுத வேண்டிய வருத்தம்.

சரி, வேகத்துக்கு வருகிறேன். "என் பையன் எட்டாவதிலேயே பத்தாவது கணக்குப் போடுறான், இன்னும் மேலே தள்ளலாமா" என்று ஒரு அப்பா போன வாரம் கேட்டார். தள்ளலாம், பையனிடம் இருப்பது ஆர்வமாக இருந்தால். நான் அவனிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, விடை வந்த பிறகு, இதை வேறு வழியில் போடு என்பேன். வேறு வழி தேடுவதில் அவனுக்குச் சந்தோஷம் இருந்தால் எந்த வகுப்புப் புத்தகத்தையும் கொடுக்கலாம். "அதான் விடை வந்துடுச்சே" என்று சலித்தால், அவனிடம் இருப்பது செய்முறைகள் மட்டும். இன்னும் இரண்டு வருடத்துச் செய்முறைகளை அவசரமாக அடுக்கினால் பின்னால் எது எங்கே சரிந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. நுண்கணிதத்தைச் சீக்கிரம் தொடுவது பெரிய பெருமையாகிவிட்டது. நியூட்டனும் லைப்னிட்ஸும் 17ஆம் நூற்றாண்டில் அதைக் கொண்டுவந்த பிறகு, எல்லை என்ற கருத்தை கோஷி 1821இல் ஒழுங்காக எழுதி வைக்கும் வரை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. உலகமே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஒன்றுக்குப் பதினாறு வயதுப் பிள்ளை கூடுதலாக ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் ஏன் வீட்டில் முகம் தூக்குகிறோம்?

இன்னொரு பக்கம், பின்தங்கிய பிள்ளையைப் பின்னால் கூட்டிப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. பதினாறு வயதுக்காரனிடம் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் கூனிக் குறுகிப்போவான். நான் நீட்டுவதில்லை. அவன் இப்போது படிக்கும் பாடத்திலேயே தப்பான ஒரு கணக்கை எடுத்து, வரி வரியாகப் பின்னால் நடந்து, ஒவ்வொரு வரியிலும் எண் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எந்த வரியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையோ அங்கே நிற்போம். பெரும்பாலும் அது நான்கைந்து இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்: பின்னம், மைனஸ், அடைப்புக்குறி, அடுக்கு, சமக்குறி. மைனஸைப் பார்த்துப் பயப்படுகிறவனிடம், 628இலேயே பிரம்மகுப்தர் இதைச் சொத்து, கடன் என்று வைத்து விதி எழுதியிருக்கிறார் என்பேன். மூன்று கடன் கழிந்தால் கையில் என்ன ஆகும் என்று கேட்டால் அவனே சொல்லிவிடுவான். ஒரு ஓட்டையை அடைக்க ஒன்றிரண்டு வாரம் போதும். ஐந்து வருடப் பாடத்தையும் திரும்ப நடத்தத் தேவையில்லை, இதைப் பெற்றோரிடம் சொன்னால்தான் மூச்சு விடுகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் செய்தோம். மூன்று நாள் பின்னம் மட்டும், எண்ணிலும் எழுத்திலும் மாறி மாறி. ஒரு ரொட்டியை மூன்றாக வெட்டிய துண்டையும் இரண்டாக வெட்டிய துண்டையும் எப்படிக் கழிப்பது, இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக்காமல் முடியாதே என்று அவளே சொன்ன பிறகுதான் எக்ஸ் பக்கம் திரும்பினோம். பகுதிகளைப் பெருக்கிப் பொதுவாக்கி, மேலே எக்ஸ் − (எக்ஸ்+ஹெச்) என்று எழுதி, அடைப்புக்குறிக்கு முன் இருந்த மைனஸை இரண்டுக்கும் கொடுத்து, மைனஸ் ஹெச் மட்டும் மிஞ்சியதைப் பார்த்தபோது, "ஹெச் அடிபட்டுப் போகுது மிஸ்!" என்று கத்தினாள். மைனஸ் 1/எக்ஸ்² வந்தது. எக்ஸுக்கு 2, ஹெச்சுக்கு 0.1 போட்டு அவளாகவே சரிபார்த்தாள், மைனஸ் 0.238 வந்தது. 0.01 போட்டாள், மைனஸ் 0.2488. "0.25 கிட்டப் போகுது" என்றாள்.

நேற்று வந்தபோது நான் எதுவும் கொடுக்கவில்லை, அவளே 1/எக்ஸ்²க்கு வகைக்கெழு கண்டுபிடித்து எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பின்னமும் வேண்டும், (எக்ஸ்+ஹெச்)²உம் விரிக்க வேண்டும், அடைப்புக்குறிக்கு முன் மைனஸும் உண்டு. முதல் தாளில் 2எக்ஸ்ஹெச் விட்டுப்போயிருந்தது. அதை அடித்துவிட்டு ஓரத்தில் சின்னதாக ஒரு சதுரமும் இரண்டு பட்டையும் வரைந்து வைத்திருந்தாள், இரண்டாம் தாளில் மைனஸ் 2/எக்ஸ்³ என்று முடிந்திருந்தது.